நிற்கக் கூடாத பணம்

அத்தியாயம் பதினான்கு

"எடுக்கவே இல்லைண்ணா. சின்னண்ணன் என்கிட்ட குடுத்தப்ப எங்க இருந்துச்சோ, அங்கயேதான் இருக்கு."

தங்கை இதைச் சொன்னபோது எனக்கு ஒரு கன்னம்தான் மழித்து முடிந்திருந்தது. மறு கன்னத்தில் சோப்பு நுரை. அதனால் கைபேசியை என் காதுக்குப் பக்கத்தில் மனைவி பிடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்டுவிட்டது.

"ஒரு வருஷமாவா?"

"ஒரு வருஷமா."

"சாதாரண சேமிப்புக் கணக்குலயா?"

"ஆமாண்ணா."

"அதுக்கு அவங்க என்ன வட்டி குடுக்கறாங்கன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

தெரியுமாம். தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன்.

"பத்து மணிக்கு அந்த பேங்க் வாசல்ல இரு" என்றேன். மனைவி கைபேசியை அணைத்துவிட்டு, "அந்தக் கன்னத்தையும் மழிச்சுட்டுப் போங்க" என்றாள்.

சென்ற வாரம் நான் மனைவியிடம் விட்ட சவால் வாசகர்களுக்கு நினைவிருக்கும். இன்று மதியம் நடக்கவிருக்கும் சாப்பாட்டில் அப்பாவின் கைக்கடிகாரம் தம்பியிடமிருந்து தங்கைக்கு மாறும் என்று சொல்லியிருந்தேன். புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக, அது என்ன கடிகாரம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் அப்பா பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளர். விசில் அவர் வாயிலிருந்து வரும், உத்தரவு அவர் மணிக்கட்டிலிருந்து வரும். ஊரிலிருந்த அத்தனை வண்டிகளும் அந்தக் கடிகாரத்தைக் கேட்டுத்தான் நகர்ந்தன. வேலை பார்த்த காலமெல்லாம் சேர்த்த பணத்தை, ஓய்வு பெற்றபின் அவர் எங்கள் மூன்று பேருக்கும் பிரித்துக் கொடுக்கவில்லை. பொதுப்பணம் என்று பெயர் வைத்தார். முதலைத் தொடக் கூடாது. வயது வரிசையில் ஆளுக்கு ஒரு வருடம் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வருடக் கடைசியில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும்போது, வந்த வட்டியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த வட்டியில் குடும்பம் மொத்தமும் எங்காவது போய்வரலாம். இதுவரை வராத அளவு வட்டி கொண்டுவருகிறவருக்குக் கடிகாரம். இன்னொருவர் அதைத் தாண்டும் வரை அவரிடமே இருக்கும்.

இரண்டு சுற்றாக அது தம்பியிடம் இருக்கிறது. அவன் லிஃப்ட் மெக்கானிக். குட்டி என்று நாங்கள் கூப்பிடும் தங்கை, மூக்குக்கண்ணாடியும் கடிகாரமும் விற்கும் ஒரு கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். நான் கடைத் தராசுகளைச் சோதித்து முத்திரை வைக்கும் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைக்காரர்கள் எனக்கு 'படிக்கல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். தம்பியும் தங்கையும் என் முதுகுக்குப் பின்னால் அதையே சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தப்பில்லை. படிக்கல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

தராசுத் தட்டுக்கு அடியில் ஈயம் ஒட்டியிருக்கிறார்களா என்று குனிந்து பார்ப்பதற்காக நான் வைத்திருந்த டார்ச் இன்னும் எங்கள் வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. மாதம் ஒரு முறை எரிகிறதா என்று பார்த்துவிடுவேன்.

இந்த வருடம் எல்லா வங்கிகளிலும் வட்டி ஏறியிருந்தது. பாதியை ஒரு வருட வைப்பில் போட்டு, மீதியைப் புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர்களுக்கு அதிக வட்டி தரும் ஒரு வங்கியில் போட்டிருந்தால் போதும். தம்பியின் கணக்கைக் குட்டி தாண்டியிருப்பாள். நானே அவளிடம் சொன்னேன். தலையையும் ஆட்டினாள்.

*

அந்த வங்கி, பேருந்து நிலையத்தை ஒட்டிய தெருவில் இருக்கிறது. முன்பு உயரமான மரக் கவுண்டரும் இரும்புக் கம்பி வலையும் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடி. டோக்கன் கொடுக்க ஒரு இயந்திரம். குட்டி எனக்கு முன்பே வந்து டோக்கன் எடுத்து வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கடைக்குப் போகிற உடுப்பு. விரல் நுனியெல்லாம் லென்ஸ் தேய்த்த வெள்ளைப் பொடி.

"பாஸ்புக்ல வட்டி போடணும்ல, அதான் எடுத்தேன்" என்று டோக்கனைக் காட்டினாள்.

"போடறதுக்கு என்ன இருக்கு?"

நானும் உட்கார்ந்தேன்.

அந்தத் தெருவில் அப்பா காலத்தில் இந்த வங்கியும், எதிரே ஒரு கூட்டுறவுச் சங்கமும் இருந்தன. வங்கியில் அப்போது ஒரு விதி. பத்தாம் தேதிக்குள் பணத்தைப் போட்டுவிட்டால், மாதம் முழுவதும் அங்கேயே இருந்ததாக வைத்து வட்டி தருவார்கள். மாத ஆரம்பத்தில் அது எங்கே இருந்தது என்று கேட்க மாட்டார்கள். சங்கத்திலோ ஒவ்வொரு நாளுக்கும் வட்டி உண்டு. மாதம் பிறந்ததும் அப்பா வங்கியிலிருந்து எடுத்துச் சங்கத்தில் போடுவார். பத்தாம் தேதி நெருங்கியதும் சங்கத்திலிருந்து எடுத்து வங்கியில் போடுவார். ஒரே பணம் இரண்டு வீட்டில் சாப்பிட்டுவிட்டு வரும்.

அவரால் நிலையத்தை விட்டு நகர முடியாது. தூக்கிப் போவது நாங்கள்தான். அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு என் சட்டைப் பையில். பணம், டிபன் கேரியரின் அடி அடுக்கில். நான் முன்னால் நடப்பேன். குட்டி நடுவில், இரண்டு கையாலும் கேரியரைப் பிடித்துக்கொண்டு. தம்பி கடைசியில். யாராவது பின்தொடர்ந்தால் ஊத வேண்டும் என்று அப்பா தன் பழைய விசிலை அவன் கழுத்தில் மாட்டியிருந்தார். நாய் வந்தாலும் ஊதுவான். எதுவும் வராவிட்டாலும் ஊதுவான்.

கம்பி வலைக்குப் பின்னால் இருந்த காசாளர் நோட்டை எண்ணுவதற்கு முன் மோந்து பார்ப்பார். "என்ன, இன்னைக்கு உங்க வீட்டுல வெங்காயமா?" என்பார். குட்டி வெட்கத்தில் என் பின்னால் ஒளிந்துகொள்வாள்.

ஒரு முறை மேனேஜரே நிலையத்துக்கு வந்து, "சார், உங்க பணத்துக்குக் கால் வலிக்காதா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா கடிகாரத்தைப் பார்த்தபடியே, "பஸ்ஸும் பணமும் நிக்கக் கூடாது சார். நின்னா துருப் பிடிச்சிடும்" என்றார். சொல்லிவிட்டு விசில் ஊதினார். ஒரு வண்டி புறப்பட்டது. எனக்கு அன்று என் அப்பாவைவிடப் பெரிய மனிதர் யாருமில்லை. இன்றும் இல்லை.

"நின்னா துருப் பிடிச்சிடும்னு அப்பா சொன்னது மறந்துபோச்சா?" என்றேன்.

"மறக்கலை."

"அப்புறம் ஏன்?"

"சொன்னா உங்களுக்குக் கோவம் வரும்."

"வந்தாச்சு. மேல சொல்லு."

குட்டி டோக்கனை நான்காக மடித்தாள். பிறகு பிரித்தாள்.

"நான் ஜெயிச்சா சின்னண்ணன் கடிகாரத்தைக் குடுக்கணும் இல்லையா?"

"அதுதானே வழக்கம்."

"குடுக்கறதுக்கு அவன்கிட்ட கடிகாரம் இல்லைண்ணா."

எனக்கு முதலில் புரியவில்லை. பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன், வேலைக்குக் கட்டிக்கொண்டு போனால் கிரீஸ் படியும் என்று அவன் சொன்னபோது, பொறுப்பு வந்துவிட்டது என்று மெச்சியவன் நான்.

"முதல் தடவை ஜெயிச்ச வருஷமே போயிடுச்சு" என்றாள். "பழைய வணிக வளாகம் இருக்குல்ல, அங்க பெரிய கான்ட்ராக்ட். முதல் நாளு. அப்பா கூட வர்ற மாதிரி இருக்கும்னு கட்டிக்கிட்டுப் போயிருக்கான். வார் கழண்டு, லிஃப்டுக்கு அடியில குழி இருக்கும்ல, அதுக்குள்ள விழுந்துடுச்சு. குழி நிறைய தண்ணி. தண்ணியை எறைச்சுட்டுத் தேடலாம்னு இருந்தான். அதுக்குள்ள கான்ட்ராக்ட் வேற கம்பெனிக்குப் போயிடுச்சு. அந்தக் கம்பெனிக்காரங்க இவனை உள்ளயே விடலை."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

குட்டி என்னைப் பார்த்தாள். எங்கள் எதிரே காத்திருந்த ஒருவர் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எங்க கடைக்கு வந்து, இதே மாதிரி பழைய மாடல் கிடைக்குமான்னு கேட்டான். எதுக்குடான்னு கேட்டேன். கடைக்குள்ளயே அழுதான். அம்பது வயசுண்ணா அவனுக்கு. மூக்குக்கண்ணாடி வாங்க வந்தவங்கள்லாம் பார்த்துட்டு நின்னாங்க."

அவள் சொன்ன மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடுத்த சுற்றில் என் முறை வந்தபோது, நான் பணத்தை ஐந்து வங்கிகளில் பிரித்துப் போட்டேன். வயதானவர்களுக்கு அரை சதவீதம் கூடுதல் என்ற இடத்தில் ஒரு பங்கு. மாதத்துக்கு ஒன்றாக முதிரும்படி மற்ற பங்குகள். எங்கே வட்டி ஏறுகிறதோ அங்கே மறுநாளே மாற்றினேன். அப்படியும் தம்பியிடம் மயிரிழையில் தோற்றேன். அதைப் பார்த்து அவன் பயந்துபோனான். அடுத்து அவன் முறை வந்தபோது, ராத்திரி பகலாகக் கூடுதல் வேலை பார்த்த கூலியையும் வட்டியோடு சேர்த்து, யாரும் எட்ட முடியாது என்று அவன் நினைத்த ஒரு தொகையைச் சொல்லிவிட்டான்.

அன்று அவனிடம், "எப்படிடா இவ்வளவு கொண்டு வந்தே?" என்று கேட்டேன். "பணத்தை லிஃப்டுல ஏத்திட்டேன்ணா" என்றான். எல்லோரும் சிரித்தோம். அந்த வட்டியில்தான் மலைக்குப் போனோம். தேநீர்க் கடையில் ஒவ்வொருவருக்கும் இரண்டாவது கோப்பை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான்.

"அதனால நான் எடுக்கலை" என்றாள் குட்டி. "ஜெயிக்காம இருக்கறதுக்கு எனக்கு வேற வழி தெரியலை. நீங்க இன்னைக்கு என்னைத் திட்டுங்க. எவ்வளவு வேணும்னாலும் திட்டுங்க. ஆனா அந்தக் கடிகாரப் பெட்டியைத் திறக்கச் சொல்லாதீங்கண்ணா."

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து போனாள். இயந்திரம் கரகரவென்று பாஸ்புக்கில் ஒரே ஒரு வரியை அச்சடித்தது.

*

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் குடும்பத்துல அப்பா பொருளைத் தொலைச்சவனும் இல்லை, பொய்க் கணக்குச் சொன்னவனும் இல்லை" என்றேன். "ரெண்டையும் ஒருத்தனே பண்ணியிருக்கான்."

"பொய்க் கணக்கா? குறைச்சா சொன்னாரு? தன் கைக்காசைப் போட்டுல்ல கூட்டிச் சொல்லியிருக்காரு."

"கூட்டினாலும் பொய் பொய்தான்."

"எதுக்காகச் சொன்னாரு?"

"அவமானத்துக்குப் பயந்து."

"அவமானத்துக்கு இல்லைங்க" என்றாள் அவள், அடுத்த தட்டை எடுத்தபடி. "உங்களுக்குப் பயந்து."

பயம் இருந்தால்தான் குடும்பம் நிற்கும் என்று நம்புகிறவன் நான். இப்போதும் அதை மாற்றிச் சொல்லப்போவதில்லை. ஆனால் என் வேலைக்காலம் முழுவதும் நான் பிடித்ததெல்லாம் எடையைக் குறைத்தவர்களை. தன் கையிலிருந்து எடுத்து அடுத்தவர் தட்டில் கூடுதலாக வைத்தவனைப் பிடிக்க எந்தச் சட்டத்திலும் எனக்குப் பிரிவு கொடுக்கவில்லை.

*

மதியம் தம்பி வேலை உடுப்போடு வந்தான். கை கழுவிவிட்டு, பையிலிருந்து கடிகாரப் பெட்டியை எடுத்து மேசையின் நடுவில் வைத்தான். வைத்திருப்பவர் அதைக் கொண்டுவர வேண்டும் என்பது வழக்கம். கை மாறும்போது மட்டும்தான் திறப்போம். பெட்டியின் மேல் அவன் உள்ளங்கை அப்படியே இருந்தது.

"கையை எடுங்க, தட்டு வைக்கணும்" என்றாள் மனைவி.

எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டான்.

சாப்பிட்டு முடித்தோம். பிறகு குட்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டு தொகையைச் சொன்னாள். மனைவி, "இதுல டவுன் பஸ் ஏறி பார்க் வரைக்கும் போகலாம். திரும்பி நடந்துதான் வரணும்" என்றாள். தம்பிக்கு ஒரு பெருமூச்சு வந்தது. அதை இருமலாக மாற்றினான்.

"அப்போ கடிகாரம் மாறலை" என்றான் மெதுவாக.

"இரு" என்றேன்.

கை நீட்டிப் பெட்டியை எடுத்தேன்.

குட்டியின் முகம் வெளுத்தது. தம்பி என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தான், அதைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தான்.

என் கைக்கு எடை தெரியும். அப்பாவின் கடிகாரத்தைச் சிறுவயதில் எத்தனையோ முறை உள்ளங்கையில் வைத்திருக்கிறேன். இது அந்த எடை இல்லை. கூடுதலாக இருந்தது. லேசாகச் சாய்த்தேன். உள்ளே துணி சுற்றிய ஏதோ ஒன்று உருண்டு ஓரத்தில் இடித்தது. நட்டோ, போல்ட்டோ. லிஃப்ட் மெக்கானிக்கின் பையில் வேறு என்ன இருக்கும்? தூக்கிப் பார்த்தால் காலியாகத் தெரியக் கூடாது என்று அந்த முட்டாள் எடை வைத்து எடுத்து வந்திருக்கிறான். எடை ஆய்வாளனிடம்.

பெட்டியை அவன் முன்னால் திரும்ப வைத்தேன்.

"சரியா இருக்கு" என்றேன்.

தவறான எடைக்கு நான் முத்திரை வைத்தது என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான். வளைந்து கொடுத்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டுப் பிள்ளை எங்கள் வீட்டு மேசையிலேயே தலைகுனிவதும் குடும்பத்துக்கு இழுக்குதான். இரண்டு இழுக்கில் எதைத் தடுப்பது என்று முடிவு செய்யும் உரிமை மூத்தவனுக்கு உண்டு.

"இனி என் வருஷம்" என்று தொடர்ந்தேன். "பணத்தை நான் எங்கயும் மாத்தப்போறதில்லை. அது இருக்கற இடத்துலயே இருக்கட்டும்."

"நீங்களா?" என்றான் தம்பி. வாய் திறந்தபடியே இருந்தது.

"நானேதான். அப்பா காலத்துலேருந்து நடந்துக்கிட்டிருக்கு. அதுக்கும் கால் வலிக்கும்ல."

குட்டி குனிந்து தட்டில் விரலால் கோடு போட்டாள். அவள் அழுகிறாளா, சிரிக்கிறாளா என்பது எனக்குத் தெரியவில்லை. "உன் விசில் எங்க சின்னண்ணா?" என்றாள் திடீரென்று. "அந்தப் பழைய விசில்?"

"இருக்கு" என்றான் அவன். "அது மட்டும் பையிலயே பத்திரமா இருக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே உறைத்தது. 'அது மட்டும்' என்றால், எது இல்லை? மேசையைச் சுற்றி எல்லோரும் அவரவர் தண்ணீர்க் குவளையைப் பார்த்தோம். மனைவி எழுந்து, யாரும் கேட்காத கூடுதல் தண்ணீரை எல்லோருக்கும் ஊற்றினாள்.

அப்போது தம்பியின் கைபேசி அடித்தது.

"சொல்லுங்க... ஆமா, நான்தான்... எந்த பில்டிங்?"

அவன் எழுந்து நின்றுவிட்டான்.

"உங்களுக்குத்தான் வேற கம்பெனி இருக்கே... ஓ... போனே எடுக்கலையா... ஆள் யாராவது உள்ள மாட்டியிருக்காங்களா? நல்லவேளை... கீழ தண்ணியா? இப்பவும் தண்ணி நிக்குதா? சரி, எதையும் தொடாதீங்க. மோட்டார் போட்டு நீங்களே எறைச்சுடாதீங்க. நான் வர்றேன். நானே வர்றேன்."

கைபேசியைப் பையில் போட இரண்டு முறை தவறினான். "பழைய வணிக வளாகம்ணா" என்றான் என்னிடம். "லிஃப்ட் நின்னுபோச்சாம். ரொம்ப நாளைக்கு முன்னாடி நான் பார்த்துக்கிட்ட இடம். ஒரு... ஒரு எட்டு போயிட்டு வந்துடறேன்."

"போயிட்டு வா."

மேசையில் இருந்த பெட்டியை மறந்துவிட்டு வாசலுக்கு ஓடினான். செருப்பை மாற்றிப் போட்டான். கழற்றித் திரும்பவும் போட்டான். நான் பின்னாலேயே போய், ஆணியில் தொங்கிய டார்ச்சை எடுத்து ஒரு முறை எரியவிட்டுப் பார்த்தேன். நன்றாக எரிந்தது.

"இதை எடுத்துட்டுப் போ."

"என்கிட்ட லைட் இருக்குண்ணா."

"உன்னோடது மேல பார்க்கற லைட். இது அடியில பார்க்கறதுக்கு." அதை அவன் கையில் திணித்தேன். "குழியில சேறு இருக்கும். மூலையெல்லாம் நல்லாத் தேடு."

அவன் டார்ச்சைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் கதவை ஒருக்களித்துச் சாத்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். தெருக்கோடியில் யாரோ ஒரு விசில் ஊதியது கேட்டது.